துண்டு துண்டாகச் சொன்ன பெயர்

இயேசு மரி சூசை துணை

இலுப்பைச்சேரி,
கீழ்வேளூர் வழி,
18-2-1974

அன்பு மகள் இருதயத்துக்கு அம்மா எழுதிக்கொள்வது.

ஆண்டவர் இரக்கத்தால் இங்கே நாங்கள் எழுந்து நடமாடும் அளவுக்குச் சுகமாயிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்தப் பிரெஞ்சு தேசத்துக் குளிரில் சளி காய்ச்சல் என்று படுக்காமல் இருக்க வேண்டுமென்று மாதாவிடம் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன் கடிதம் இரண்டு வந்தும் நான் ஒன்றுக்கும் பதில் போடவில்லை என்று கோபித்திருப்பாய். கோபித்துக்கொள். பொங்கலுக்கு முன்பே அறுப்பு தொடங்கி இப்போதுதான் கடைசிக் கட்டு களத்தை விட்டுப் போனது, மேட்டூரிலும் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள், வாய்க்காலில் கால் நனைக்கக்கூட ஈரம் இல்லை. இடுப்பு என்று ஒன்று இருப்பதே வலியால்தான் தெரிகிறது. உன் அப்பாவுக்கு இந்த மாசிப் பனியில் இளைப்பு அதிகம், நாலு அடி நடந்தால் சுவரைப் பிடித்துக்கொள்கிறார், ஆனாலும் பீடியை விடவில்லை, விட்டுவிட்டேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டு வருகிறார், நானும் மூக்கில்லாதவள் மாதிரி இருந்துகொள்கிறேன். உன் தம்பி பூதலூரில் ரயில்வே கேங் வேலையில்தான் இருக்கிறான், மாதம் ஒரு ஞாயிறு வந்து துணி துவைத்துக்கொண்டு போகிறான். இவ்வளவுதான் வீட்டுச் செய்தி. மற்றதெல்லாம் மனைச் செய்தி, அதைத்தான் இன்று உட்கார்ந்து முழுசாக எழுதப்போகிறேன், எழுதி முடித்தால்தான் எனக்கு மனம் ஆறும் போலிருக்கிறது.

கேஸ் எப்படி ஆரம்பித்தது என்று உனக்கு அரைகுறையாகத்தான் எழுதியிருந்தேன். கூலிக்காரர்கள் யார் நிலத்தில் குடிசை போட்டுக் குடியிருந்தாலும் அந்த மனை அவர்களுக்கே சொந்தம் என்று சர்க்கார் சட்டம் போட்டதும் நம் தெருவில் எல்லோரும் மனுக் கொடுத்தோம். மற்றவர்கள் மனு எல்லாம் ஒவ்வொன்றாக முடிந்துவிட்டது. நம் மனை மட்டும் காரைக்கால் மிராசுதார் தோப்புக்குள் இருப்பதால் இழுத்துக்கொண்டே போனது. பெரியவர் இருந்தபோது ஒரு தொல்லையும் இல்லை, இப்போது அவர் மகன் வைத்தியலிங்கம் அந்த இடத்தில் செங்கல் காளவாய் போட வேண்டும் என்கிறார். இவர்கள் இந்த நிலத்தில் காலாகாலமாக இருந்தவர்கள் இல்லை, காரைக்காலிலிருந்து நேற்று வந்து ஒண்டியவர்கள் என்று வக்கீல் வைத்து எழுதிக்கொடுத்துவிட்டார். காரைக்காலிலிருந்து வந்தவள் நான் ஒருத்திதான், அதுவும் தாலி கட்டிக்கொண்டு வந்தேன். அப்போது பிரெஞ்சுச் சீமையாக இருந்த காரைக்காலிலிருந்து இந்தப் பக்கம் வண்டியேறி இருபத்தாறு வருஷம் ஆகிறது, அதை நேற்று என்கிறார்கள். ஐப்பசியில் ஒரு நாள் ஆட்களை விட்டு நம் வீட்டைச் சுற்றி முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டிவிட்டுப் போனார்கள், மழை பெய்து அதில் தண்ணீர் நின்று இரண்டு பக்கச் சுவரும் ஊறிப்போயிற்று. உன் அப்பா இளைத்துக்கொண்டே மண்வெட்டியோடு கிளம்ப, நான் மண்வெட்டியைப் பிடுங்கி வைத்தேன். வெண்மணிக்குப் பிறகு இந்தப் பக்கம் யார் கை ஓங்கினாலும் எதில் போய் முடியும் என்று தெரியவில்லை, பயமாகத்தான் இருக்கிறது.

அவர்கள் பக்கத்துக்கு ஆதாரமாக ஒரு பழைய பாகப்பத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். அண்ணன் தம்பிகள் சொத்தைப் பிரித்துக்கொண்டபோது காரைக்காலில் நொத்தேர் என்கிற பத்திர அதிகாரி முன்னால் எழுதியது, 1936ஆம் வருஷம், எல்லாம் பிரெஞ்சில் கையால் எழுதியது. அதைத் தமிழில் எழுதி வைத்தவர் பஞ்சநதம் என்று காரைக்கால் கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். தென்னை பதினேழு, மா மூன்று, கிணறு ஒன்று, உழவு மாடு ஒரு ஜோடி, மேற்கே வாய்க்கால் என்று தமிழில் இருந்தது, குடிசை என்ற பேச்சே இல்லை. நம் கூலிக்காரர் சங்கத்துக் கோவிந்தராசு மனுப் போட்டு அந்தப் பிரெஞ்சுக் காகிதத்துக்கு நகல் வாங்கி வந்தான். வாங்கி வந்தவனுக்கு அதை எந்தப் பக்கம் மேலே வைப்பது என்று தெரியவில்லை, என்னிடம் கொடுத்தான். கல்யாணத்துக்கு முன்னால் கன்னியர் மடத்துச் சமையற்கட்டில் ஆறு வருஷம் பாத்திரம் துலக்கினேன் இல்லையா, ஜாடிகளில் ஒட்டியிருக்கும் பிரெஞ்சு எழுத்துகளை ஒன்றிரண்டாகப் படித்து வைத்திருந்தேன். எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது. அந்த நகலை எழுத்து எழுத்தாக மேய்ந்துகொண்டு வந்தபோதுதான் நடுவில் உன் தாத்தா பெயர் மாதிரி ஒன்று கண்ணில் பட்டது. தமிழில் இருந்த காகிதத்தில் அந்தப் பெயர் எங்கேயும் இல்லை. அன்று ராத்திரியே அந்தப் பக்கம் முழுவதையும் பார்த்துப் பார்த்து எழுதி உனக்கு அனுப்பினேன், நீ இரண்டாம் தபாலிலேயே பதில் அனுப்பினாய். அர்த்தம் என்று நீ எழுதியது ஒரே வரி, தாத்தா நம் குடிசையிலேயே குடியிருந்தார் என்று அதில் போட்டிருக்கிறது அம்மா, அது போதும் என்று. மற்ற இரண்டு பக்கமும் சொற்களைக் கோடு போட்டுப் பிரித்துக் கீழே தமிழ் எழுத்தில் எப்படிச் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய். அர்த்தம் ஒரு வரி, உச்சரிப்பு இரண்டு பக்கமா என்று அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும், எனக்குத் தோன்றவில்லை.

மகள் எழுதிய கடிதம் ஆதாரம் ஆகாது என்று மார்கழி வாய்தாவில் தாசில்தார் சொல்லிவிட்டார். அவர் நல்ல மனுஷர், கத்தவில்லை. பத்திரத்தைத் தமிழில் எழுதிய பஞ்சநதத்தைக் கூப்பிட்டு இந்த இடத்தில் வரி விட்டுப்போயிருக்கிறதாமே என்று கேட்டார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, கண்ணில் புரை விழுந்திருக்கிறது, அந்த இடத்தில் மையும் மங்கியிருக்கிறது, படிக்க முடியாததால் விட்டேன் என்றார். எனக்கு என்ன தோன்றியதோ, நான் படிக்கிறேன் ஐயா என்று சொல்லிவிட்டேன். கோவிந்தராசுவே திரும்பிப் பார்த்தான். அப்படியானால் பொங்கலுக்குப் பிறகு கீழ்வேளூரில் கேம்ப் வைக்கும்போது நீங்கள் வாய்விட்டுப் படியுங்கள், இவர் காதால் கேட்டு அர்த்தம் சொல்லட்டும், காது நன்றாக இருக்கிறதல்லவா என்று தாசில்தார் கேட்க, பஞ்சநதம் இருக்கிறது என்று தலையாட்டினார்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. நீ எழுதிய தாளை முந்தானையில் முடிந்துகொண்டே அறுப்புக்குப் போனேன். உயிரெழுத்து வரும் இடத்தில் வெட்டு, இரண்டு மெய் சேர்ந்து நின்றால் நடுவில் வெட்டு, எல்லாத் துண்டுக்கும் ஒரே அளவு மூச்சு விடு, கடைசித் துண்டில் மட்டும் கொஞ்சம் நின்று போ, கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் எழுத்துகளைச் சொல்லாதே என்று எழுதியிருந்தாய். முருங்கைக்காயை நறுக்கிவிட்டு நுனியைத் தூக்கிப் போடுகிற மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். எக்ஸ் - ப்ளுவா - தா - சியோன். நீளமான சொல் அது, முழுசாகப் பார்த்தால் மயக்கம் வரும், நறுக்கினால் நாலே துண்டு. இ - ரி - கா - சியோன். ஆ - க்ரி - கோல். கதிரை ஒரு பிடி அறுப்பேன், ஒரு துண்டு சொல்வேன். பக்கத்து வரிசையில் காளியம்மாள் இருந்தாள், நம் எதிர்வீட்டுக்காரி, அவளுக்குத்தான் சிரிப்பு தாங்கவில்லை, நீ மந்திரம் போடுகிறாயா அல்லது உனக்குப் பல்வலியா என்று கேட்டாள். இரண்டு நாளில் வரிசை முழுக்கச் சியோன் சியோன் என்று பாடிக்கொண்டே அறுத்தார்கள், மேஸ்திரிக்கு இது என்ன புதுக் கட்சிக் கோஷம் என்று சந்தேகம் வந்துவிட்டது. அந்த ர-வைத் தொண்டையிலிருந்து கொண்டுவா என்று எழுதியிருந்தாயே, அதற்கு மட்டும் உன் அப்பா உதவினார், காலையில் எழுந்து அவர் காறுவதைக் கேட்டே பழகிக்கொண்டேன். த்ரா - வா - யேர் என்ற சொல்தான் கடைசி வரை படுத்தியது. எதைச் சொல்கிறோம் என்று தெரியாமலே ஐந்து வாரம் சொல்லிக்கொண்டிருந்தேன். வேலைக்காரர்கள் என்பதற்கு அது பெயர் என்று பிறகுதான் தெரிந்தது.

தை மாதம் பொங்கல் கழிந்த மறுவாரம் கீழ்வேளூருக்குப் போனோம். உன் அப்பா வர முடியவில்லை, பஸ் ஏறினாலே மூச்சு நின்றுவிடும், அதனால் நான், கோவிந்தராசு, காளியம்மாள் மூன்று பேரும் போனோம். காளியம்மாளை எதற்கு அழைத்துப்போனேன் என்று உனக்குத் தெரியும். எழுத்தர் புருஷன் பெயர் என்ன, மாமனார் பெயர் என்ன என்று கேட்பார், நான் சொல்ல முடியாதல்லவா, எனக்காக அவள் சொல்ல வேண்டும். இந்தக் காலத்துப் பெண் நீ மாப்பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாய் என்று கேள்விப்பட்டேன், கூப்பிடு, எனக்கு வருத்தமில்லை. எனக்கு வராது. உன் தாத்தா உயிரோடிருந்த பத்து வருஷமும் செத்துப் போய்ப் பதினாறு வருஷமும் அவர் பெயர் என் வாயில் வந்ததில்லை. சவேரியார் திருநாளை நான் டிசம்பர் மூணாந்தேதிப் பூசை என்றுதான் சொல்வேன். உன் தம்பிக்கு ஞானஸ்நானத்தில் தாத்தா பெயரையே வைத்துவிட்டார்கள், பெற்ற பிள்ளையை ஒரு நாளாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேனா, தம்பி தம்பி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அவன் மீசை முளைத்த ஆளாகிவிட்டான். இப்போது எழுதும்போது அந்தச் சாமியார் பெயரை எழுதினேனே என்று பார்க்கிறாயா, எழுதலாம், கைக்குத் தடையில்லை, வாய்க்குத்தான். அந்தத் தடை இவ்வளவு காலம் எனக்கு ஒரு பாரமாகத் தோன்றியதே இல்லை, அன்றுதான் தோன்றியது.

உள்ளே ஒரு நீள மேஜை. தாசில்தார் நடுவில், இந்தப் பக்கம் எழுத்தர், அந்தப் பக்கம் வைத்தியலிங்கமும் அவர் வக்கீலும், ஓரத்தில் நாற்காலி போட்டுப் பஞ்சநதம். நான் நின்றுகொண்டு தாளைப் பிரித்தேன். கையில் இருப்பது அசல் இல்லையே என்று வக்கீல் எழுந்தார், அசலை அந்த அம்மா முன்னால் வையுங்கள் என்று தாசில்தார் சொன்னார், நீ பிரித்த தாளை ஒரு கையிலும் அசலை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். ஒவ்வொரு துண்டாகச் சொன்னேன், கேட்கிறவருக்குப் பொறுமை வேண்டும். த்ரா - வா - யேர் என்றதும் பஞ்சநதம் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆ - க்ரி - கோல். எக்ஸ் - ப்ளுவா - தா - சியோன். அவர் உடனே அர்த்தம் சொல்லவில்லை, முழுவதும் முடியட்டும் என்று கையைக் காட்டினார். இரண்டு பா - யோத், அதன் பிறகு வடக்கு என்கிற சொல், பிறகு இ - ரி - கா - சியோன். எனக்குத் தைரியம் வந்துவிட்டது, மடத்துச் சிஸ்டர்கள் எதிரில் இருந்தால் மெச்சியிருப்பார்கள் என்றுகூட நினைத்தேன். அடுத்த சொல்லுக்கு வந்தேன், நின்றுவிட்டேன்.

அது உன் தாத்தா பெயர். ஐந்து வாரம் பழகினேன் என்றேனே, அந்தச் சொல்லை மட்டும் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லிப் பழகவில்லை, கண்ணால் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன், அங்கே போய் எப்படித் தாண்டுவது என்று யோசிக்கவே இல்லை. இப்படி ஒரு மடத்தனம் வேறு யார் செய்வார்கள். காளியம்மாள் எனக்காகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள், எழுத்துத் தெரியாதவள் பத்திரத்தைப் படிக்கிறாளா என்று வக்கீல் தடுத்துவிட்டார். பாருங்கள், யாரோ சொல்லிக்கொடுத்ததை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறார்கள், மறந்துபோய்விட்டது என்றும் சொன்னார். வைத்தியலிங்கம் சிரிக்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார். அந்தக் கடிகாரத்தைப் பார்த்ததுதான் எனக்குக் கோபம். கையில் தாளைப் பார்த்தேன். நீ மற்றச் சொற்களைப் பிரித்தது போலவே அந்தப் பெயரையும் கோடு போட்டுப் பிரித்து வைத்திருந்தாய். முதல் துண்டு ச. அது யாருடைய பெயரும் இல்லை. சொன்னேன். வே. அதுவும் யாருடைய பெயரும் இல்லை. ரி. ஆ. கடைசித் துண்டையும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன், கூரை இடிந்து விழவில்லை. இது யார் என்று தாசில்தார் கேட்டார். எங்கள் வீட்டுக்காரருடைய அப்பா என்றேன். ரெக்கார்டில் ஏற வேண்டும், பெயரைச் சேர்த்து ஒரு தடவை சொல்லுங்கள் என்றார். அதற்கு நான் சொன்னதை கோவிந்தராசு ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான், உனக்கும் எழுதிவிடுகிறேன். "இப்பத்தானே சொன்னேங்க ஐயா, நீங்க சேத்து எழுதிக்குங்க." தாசில்தார் எழுத்தரைப் பார்த்துத் தலையாட்டினார், அவர் சேர்த்து எழுதினார். மீதி இருந்த ஐந்தாறு சொற்களையும் வேகமாகப் படித்து முடித்தேன்.

பிறகு பஞ்சநதத்தைச் சொல்லச் சொன்னார்கள். அவர் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, உழவு மாடு ஒரு ஜோடி, என்று ஆரம்பித்தார். அது முன்பே இருக்கிறது, அதற்கு அடுத்ததைச் சொல்லுங்கள் என்றார் தாசில்தார். தொடர்ச்சியாகத்தான் வருகிறது, பிரித்துச் சொன்னால் அர்த்தம் வராது என்று சொல்லிவிட்டு முழுசாகச் சொன்னார். உழவு மாடு ஒரு ஜோடி, அதோடு சேர்ந்து பண்ணைக்குக் கட்டுப்பட்ட விவசாய வேலையாட்கள், பாசன வாய்க்காலுக்கு வடக்கே இரண்டு குடிசையில் இருப்பவர்கள், அதாவது சவேரியப்பன், அவன் பெண்சாதி, சுமார் ஏழு வயது ஆண் பிள்ளை ஒன்று. இவ்வளவும் இரண்டாவது பாகஸ்தருக்கு. இதைச் சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்துவிட்டார். எனக்கு முதலில் குடிசை என்ற சொல் மட்டும்தான் காதில் நின்றது, ஜெயித்துவிட்டோம் என்று காளியம்மாள் கையைப் பிடித்தேன். அவள் கை சில்லென்று இருந்தது. அப்புறம்தான் ஒவ்வொன்றாக உள்ளே இறங்கியது. தென்னை, மா, கிணறு, மாடு, மாட்டுக்கு அடுத்து நாம். உன் பாட்டிக்குப் பெயர்கூடப் போடவில்லை. ஏழு வயது ஆண் பிள்ளை ஒன்று என்கிறார்களே அது யார் என்று ஒரு நொடி யோசித்தேன், இருதயம். அது உன் அப்பா. ஐந்து வாரமாக வயலில் நான் ராகம் போட்டுப் பாடியது இதைத்தானா என்று எனக்கு அழுகை வந்தது, அங்கே அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். உன்மேல்கூடக் கோபம் வந்தது, மறைக்காமல் எழுதுகிறேன்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது பஞ்சநதம் தேடிக்கொண்டு வந்தார். தமிழில் எழுதக் கை வரவில்லை அம்மா, அதனால்தான் விட்டேன், வேறு எண்ணம் இல்லை என்றார். எனக்கு நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை, ஏனென்றால் காலையில் அவர் வந்து இறங்கியது வைத்தியலிங்கம் காரில்தான். ஆனாலும் அவர் முகம் பார்க்கப் பாவமாக இருந்தது, சரிங்க ஐயா என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து என்ன எழுதியிருந்தது என்று கேட்டார். அப்போதுதான் உன்மேல் இருந்த கோபம் போயிற்று. உங்கள் அப்பா நம் குடிசையிலேயே குடியிருந்தார் என்று எழுதியிருக்கிறது என்றேன். நீ எனக்கு எழுதிய அதே வரி, ஒரு எழுத்து கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. அவர் அப்படியா என்று கேட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். கோவிந்தராசுவிடமும் காளியம்மாளிடமும் இதை வெளியே விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டேன்.

போன வியாழக்கிழமை உத்தரவு தபாலில் வந்தது. ஏழு சென்ட் மனை நமக்கே என்று உத்தரவாகிவிட்டது, இதை முதலில் எழுதாமல் கடைசியில் எழுதுகிறேனே என்று திட்டாதே, சந்தோஷம் முதலில் வந்து எனக்குப் பழக்கமில்லை. கோவிந்தராசு ஓடி வந்து உன் அப்பா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தான். தாசில்தார் நல்ல மனுஷர் என்றேனே, அவர் ஒன்றையும் விடாமல் எழுதியிருக்கிறார். அந்த வரி முழுசாக உத்தரவிலேயே இருந்தது. அதைப் படித்துக்கொண்டு வந்தவனுக்கு மாடு என்ற இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. நான் அடுப்படியிலிருந்து கையைக் காட்டுகிறேன், அவன் பார்க்கவில்லை. ஏன் நிறுத்தினே, படி என்றார் உன் அப்பா. அவன் படித்துவிட்டான், ஏழு வயது ஆண் பிள்ளை ஒன்று வரைக்கும். நான் வெளியே வந்து நின்றேன். உன் அப்பாவுக்கு இளைப்பு வருமோ என்று தண்ணீர் எடுத்து வந்தேன், வேண்டாம் என்றார். பிறகு சாதாரணமாகச் சொன்னார். "அந்த ரெண்டு மாட்டையும் எனக்குத் தெரியும். ஒண்ணு மயிலை, ஒண்ணு செவலை. நாந்தான் மேய்ச்சேன். அதுங்களுக்குத் தண்ணி காட்டிட்டுத்தான் எனக்குக் கஞ்சி." கோவிந்தராசு காகிதத்தைக் கட்டிலிலேயே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். அவன் போன பிறகு உன் அப்பா என்னைப் பார்த்தார், கோபமாக இல்லை, அலுப்பாகத்தான் பார்த்தார். "நீயும் உம் மவளும் சேந்துகிட்டு எங்கிட்ட மறைச்சீங்களாக்கும். நான் அங்கதானே இருந்தேன்."

அவர் பிறகு அந்த உத்தரவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார், ரொம்ப நாளைக்குப் பிறகு இருமாமல் தூங்கினார், நான் வாசலில் உட்கார்ந்து பள்ளத்தைத் தூர்க்க எத்தனை கூடை மண் வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உன் தம்பி அடுத்த ஞாயிறு வந்தால் அவனை விட்டுத் தூர்க்க வேண்டும், ஊறிய சுவரையும் சித்திரைக்குள் இடித்துக் கட்ட வேண்டும். அடுத்த வாரம் சாம்பல் புதன், தவசு நாளில் நீ ஒரு சந்தி இருக்கிறேன் என்று வயிற்றைக் காயப் போடாதே, ஆஸ்பத்திரி வேலைக்கு நிற்கத் தெம்பு வேண்டும். மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல், ஈரத் தலையோடு வெளியே போகாதே, கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள். ஆரோக்கிய மாதா உங்கள் இருவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்க வேண்டும், கை நிறைய வேலையும் மடி நிறையப் பிள்ளையும் தர வேண்டும் என்று உன் அப்பாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். ஒன்றை மட்டும் மறக்காதே. இனி எந்தக் காகிதம் நான் அனுப்பினாலும் சொல்லைப் பிரித்து எழுதுவதோடு நிறுத்தாதே, அர்த்தத்தையும் ஒன்று விடாமல் எழுதிவிடு. நீ எழுதாவிட்டாலும் அதில் இருந்தவர் இங்கே கட்டிலில்தான் படுத்திருக்கிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா
செபஸ்தியம்மாள்